வீட்டு வைஃபை, கடைக் கேபிள்: லினக்ஸ் மிண்ட் ஒரு வருடம் கழித்து

தங்கச்சிமடத்தில் சாலையோரம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நகல், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், அவ்வளவுதான். வீடு பின்னால், நடுவில் ஒரு சந்து. ஃபைபர் ரூட்டர் வீட்டில் இருக்கிறது. கடையின் இரண்டு டெஸ்க்டாப்பிலும் வைஃபை கிடையாது. சந்துக்கு மேலே கேபிள் இழுத்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் மல்லிகை நாற்றுக்குப் பேர் போனது. நாற்று ஏற்றிய மினி லாரி ஒன்று கேபிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் முறையும் அறுந்ததும் மிச்சக் கேபிளைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.

லீவுக்கு வந்த அண்ணன் மகன்தான், "அத்தை, அந்தப் பழைய லேப்டாப் சும்மாதானே கிடக்கு?" என்றான். 4 ஜிபி ராம் உள்ள மெஷின் அது. அதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, வைஃபையை வாங்கிக் கேபிள் வழியாகக் கொடுக்கும்படி செய்தான். நான் செலவழித்தது ஒரு கேபிளில் வரும் நெட்டைப் பல மெஷின்களுக்குப் பிரித்துத் தரும் ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்றுக்கும் ஜன்னலில் கட்டித் தொங்கவிடும் யுஎஸ்பி வைஃபை ஒன்றுக்கும் மட்டும். முதலில் வாங்கிய யுஎஸ்பியை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் மென்பொருளைத் தனியாக ஏற்ற வேண்டிய ரகம். கடைக்காரர் மாற்றித் தந்தார். வாங்குவதற்கு முன் உள்ளே என்ன சிப் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அமைப்பது உண்மையிலேயே எளிது. நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் ஜன்னலில் கேபிள் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 பக்கத்தில் மெத்தட் என்ற இடத்தை 'ஷேர்டு டு அதர் கம்ப்யூட்டர்ஸ்' என்று மாற்றிச் சேமித்தால் முடிந்தது. லேப்டாப் தன் கேபிள் பக்கத்துக்கு 10.42.0.1 என்ற முகவரியை (வலையில் ஒரு மெஷினை அடையாளம் காட்டும் எண்) வைத்துக்கொண்டு, ஸ்விட்சில் செருகியிருக்கும் மெஷின்களுக்கெல்லாம் அதே வரிசையில் முகவரி கொடுத்துவிடுகிறது. டெஸ்க்டாப்பில் நான் எதையும் தொடவில்லை.

வைஃபையையும் கேபிளையும் நேராக ஒட்டவைத்தால் என்ன என்று கேட்டேன். தன்னிடம் பதிந்துகொண்ட கருவியின் பெயரில் வருவதைத்தான் வைஃபை ரூட்டர் ஏற்கும், பின்னால் இருக்கும் டெஸ்க்டாப்பை அதற்குத் தெரியாது என்றான். அதனால் எல்லாமே லேப்டாப்பின் பெயரில் போய் வருகின்றன. எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெளிநாட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் கடிதம் பாதி மளிகைக்கடை விலாசத்துக்குத்தான் வரும். யார் வீட்டுக்கு எது என்று கடைக்காரர் பிரித்துக் கொடுப்பார். லேப்டாப்பும் அதே வேலையைத்தான் பார்க்கிறது. என்ன, இங்கிருந்து முதலில் கேள்வி போனால்தான் வரும் பதிலை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியும். வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது.

இதில் ஒரு தொல்லை உண்டு. கடை பிரிண்டரையும் ஸ்விட்சில்தான் செருகியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் என் கணவரின் போனுக்கு அந்தப் பிரிண்டர் கண்ணில் படாது. வீடு 192.168 வரிசை, கடை 10.42 வரிசை; இரண்டும் வேறு வேறு வலை. அவரும் மற்ற வாடிக்கையாளர்களைப் போல வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "எடுத்துட்டியா?" என்று போன் போடுகிறார்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லேப்டாப்பில் எவ்வளவு வருகிறதோ கிட்டத்தட்ட அதுவேதான் டெஸ்க்டாப்பிலும். வேகத்தைக் குறைக்கிறதெல்லாம் வைஃபைதான், கேபிள் இல்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது ஒரு மழை நாளில். ஐப்பசியில் காற்று அடித்து ஃபைபர் எங்கோ அறுந்துவிட்டது. அன்று ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி; பெஞ்சில் ஏழு பேர். என் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பை வீட்டு வைஃபையிலிருந்து அதற்கு மாற்றினேன். அவ்வளவுதான், இரண்டு டெஸ்க்டாப்பிலும் நெட் வந்துவிட்டது. வெளிவழி எதுவாக மாறினாலும் உள்ளே இருக்கும் 10.42 முகவரி மாறுவதில்லை. பாதியில் இருந்த ஒருவரின் படிவம் மட்டும் ஓடிபி பக்கத்தில் அறுந்து, முதலிலிருந்து நிரப்ப வேண்டியதாயிற்று. அந்தத் தம்பி முகத்தைச் சுளித்தார், நியாயம்தான்.

நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒருநாள் லேப்டாப்பில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை நானே போட்டுவிட்டேன். மறுநாள் டெஸ்க்டாப் இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு முழித்துக்கொண்டிருந்தன. அப்படி வந்தால் முகவரி கொடுக்க யாரும் இல்லை என்று அர்த்தம். முகவரி கொடுக்கும் வாசலான 67, இணையதளப் பெயரைத் தேடித் தரும் வாசலான 53 ஆகிய யுடிபி போர்ட்டுகளை அனுமதித்து, கேபிளிலிருந்து வைஃபைக்குப் போகும் போக்குவரத்தையும் திறந்துவிட்ட பிறகுதான் சரியானது. இன்னொரு நாள் மேசையைத் துடைக்கிறேன் என்று லேப்டாப் மூடியைச் சாத்தினேன், கடையே நின்றுபோனது. மூடினாலும் தூங்காதபடி பவர் அமைப்பில் மாற்றிவைப்பது அவசியம். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் ஸ்விட்ச் செத்துவிடும். அதையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். ஏற்கெனவே வேறு ரூட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும் கேபிள் வலையில் மட்டும் இந்த லேப்டாப்பைச் செருகிவிடாதீர்கள். இரண்டு பேரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து எல்லாரையும் குழப்புவார்கள்.

பழைய லேப்டாப் வீட்டில் இருந்தால் தயங்காமல் செய்யலாம். இல்லையென்றால் இதற்காக ஒன்றை வாங்காதீர்கள். வைஃபையை வாங்கிக் கேபிளில் தரும் சின்ன ரூட்டரே இதே வேலையைக் குறைந்த கரண்டில் செய்யும். அப்புறம், நம்ம கடற்கரை உப்புக்காற்று கேபிள் முனையைச் சும்மா விடாது. நெட் விட்டு விட்டு வந்தால் லினக்ஸைச் சந்தேகப்படும் முன் பிளக்கை உருவிக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இதுவரை இரண்டு தடவை முனை மாற்றியாகிவிட்டது.