சர்க்கரைக்கு 'டயட் பேக்கேஜ்' எடுக்கப் போகிறீர்களா? மாத்திரைச் சீட்டைக் கேட்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குக் காலையில் நடக்க வருகிறவர்களுக்குத்தான் முதலில் இதைச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். 90 நாளில் சர்க்கரை நோயிலிருந்து முழு விடுதலையாம், உணவு மட்டுமே மருந்தாம். போன ஆவணியில் அதை நம்பி 18,500 ரூபாய் கட்டினேன். பணம் போனதைவிட, ஒன்பதாம் நாள் ராத்திரி நடந்ததுதான் இதை எழுத வைக்கிறது.

எனக்கு டைப் 2 சர்க்கரை வந்து ஏழு வருஷம். அப்போது மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 8.4 சதவீதம். மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் இரண்டையும் காலையும் ராத்திரியும் சாப்பிட்டு வந்தேன். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் அவர்கள் அலுவலகம். எடை பார்த்தார்கள், இடுப்பை அளந்தார்கள், விரலில் குத்திப் பார்த்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. நானாகச் சீட்டை நீட்டினேன். "அதெல்லாம் போகப் போகத் தானா நின்னுரும் அண்ணாச்சி, இப்போதைக்கு சாப்பிட்டுக்கிட்டே இருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அங்கிருந்த பெண்.

காலையில் ஒரு பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். மதியம் காய்கறியும் ஒரு முட்டையும். ராத்திரிக்கு வெறும் சூப். சோறு, இட்லி, தோசை எதையும் தொடக்கூடாது. அப்படியே செய்தேன்.

ஒன்பதாம் நாள், ராத்திரி மூன்று மணி இருக்கும். பனியனெல்லாம் நனைந்து முழிப்புத் தட்டியது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பேச்சு குழறுகிறது. என் மனைவி குளுக்கோமீட்டரில் பார்த்தாள்: 52. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 81. அதன்பிறகுதான் இரண்டு இட்லி கொடுத்தாள். தன் அப்பாவுக்கு இப்படி வந்ததைப் பார்த்தவள் என்பதால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விடிந்ததும் அவர்களுக்குப் போன் செய்தேன். "உடம்புல உள்ள கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறிதான் அண்ணாச்சி" என்றார்கள். இன்னும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

என் டாக்டர் இரண்டே நிமிஷத்தில் புரிய வைத்துவிட்டார். கிளிமிபிரைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நான் சாப்பாட்டைக் குறைத்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். சோற்றைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு முன் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்க வேண்டும் என்றார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

அப்புறம் அந்தப் பொடி. டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்றே போடவில்லை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. பசித்தால் சாப்பிடச் சொல்லி 'சீனி இல்லாத' எள்ளுருண்டையும் 350 ரூபாய்க்குக் கொடுத்திருந்தார்கள். சந்தேகத்தில் ஒருநாள் அளந்து பார்த்தேன். சாப்பிடும் முன் 138, இரண்டு உருண்டை தின்று இரண்டு மணி நேரத்தில் 231. முழுக்கக் கருப்பட்டி! நம் ஊரில் கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு ஒன்றும் செய்யாது என்று பலரும் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சீனிச்சத்துதான்.

பணத்தைக் கேட்டேன். டப்பாவைப் பிரித்தாயிற்று, தர முடியாது என்றார்கள். ரசீதும் நோட்டீஸும் பத்திரமாக இருந்ததால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உணவால் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமலே எனக்கு நல்ல வழி கிடைத்தது. அங்கே உணவு ஆலோசனை சொன்ன அம்மா முதலில் கேட்டதே மாத்திரைச் சீட்டைத்தான். மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்று விடாமல் எழுதி வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதியை நிறுத்தச் சொல்வார் என்று பயந்துகொண்டே போனேன். "சொதி இருக்கட்டும், உருளைக்கிழங்கைக் குறைச்சு பீன்ஸ், முருங்கைக்காயைக் கூடப் போடுங்க, சோத்தை ஒரு கரண்டியோட நிறுத்துங்க" என்றார். காலையில் ஐந்து இட்லி இரண்டானது, கூடவே சுண்டலோ முட்டையோ. ராகிக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று நினைத்திருந்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் அளந்து பார்க்கச் சொன்னார், நன்றாகவே ஏறியிருந்தது. இப்படி ஒவ்வொன்றாக என் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று கண்டுகொண்டேன். ராத்திரி கிளிமிபிரைடை டாக்டர் நிறுத்திவிட்டார். தை மாதம் பார்த்தபோது மூன்று மாத சராசரி 7.1.

நேற்றும் மைதான வாசலில் அதே நோட்டீஸ். வயதான ஒரு அக்கா வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். கிட்டப் போய், என்ன மாத்திரை சாப்பிடுறீங்கக்கா என்று கேட்டேன். "பேரெல்லாம் தெரியாது தம்பி, ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு" என்றார். வீட்டுக்குப் போய் அந்த அட்டையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை பார்க்க வேண்டும்.