ஆர்ஓ மிஷின் (தண்ணில இருக்குற உப்ப வடிகட்டற மிஷின்) 4 வருஷ ரிவ்யூ (பென்னாகரம் பக்கம் போர் தண்ணி வச்சிருக்கறவங்க வாங்குறதுக்கு முன்னாடி படிங்க)

எங்கூடு பென்னாகரம் பக்கம், போர் 700 அடி. எங்க பக்கத்து போர் தண்ணிய பத்தி தர்மபுரிக்காரங்களுக்கு தனியா சொல்ல வேணாம், துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் வேகாம அப்டியே கெடக்கும், சோப்பு நுரைக்காது, இங்கயே பொறந்து வளந்த பெரியவங்க சிரிச்சா பல்லுல காவி கறை தெரியும். அதெல்லாம் வெத்தலைனு நெனச்சுட்டு இருந்தேன், எங்க ஆயா வெத்தலையே போடாது, அதுக்கும் அதே கறை. தண்ணில கரைஞ்சிருக்குற ஃப்ளோரைடுங்கற உப்புனாலதான் கறைனு அப்புறமாதான் வெளங்குச்சு.

2021ல பையன் பொறந்ததும் கேன் தண்ணிக்கு மாறுனோம். குடிக்க, சமைக்க சேத்து அஞ்சு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன், 35 ரூபா, மாசம் ஆயிரத்த தாண்டுது, அதுல கேன்காரரு வராத நாளு வேற. சரின்னு 13,500 ரூபாய்க்கு ஆர்ஓ மிஷின் மாட்டுனேன். கம்பெனி பேரு வேணாம் விடுங்க.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்குற மொத்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல) 1350, மிஷின்ல வந்தது 80. பருப்பு மூணே விசில்ல வெந்துச்சு, அதனால கேஸும் மிச்சம், இத எந்த விளம்பரத்துலயும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஃப்ளோரைடையும் பெருமளவு எடுத்துடும். யுவி (கிருமிய கொல்ற லைட்டு) மட்டும் இருக்குற மிஷின், கேண்டில் ஃபில்டர், இதெல்லாம் ஃப்ளோரைடுக்கு ஆகாது, காய்ச்சுனாலும் போகாது, தண்ணி ஆவியா போயி மிச்சத்துல இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். இன்னொன்னு, அந்த பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் இருக்குல்ல, அது தண்ணில மொத்தமா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குனுதான் காட்டும், அதுல ஃப்ளோரைடு எவ்ளோனு தனியா காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல குடுத்துதான் பாக்கணும். எங்க போர்ல 2.3 மில்லிகிராம் வந்துச்சு. லிட்டருக்கு 1 வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 1.5, அதுதான் இந்திய தர அளவு.

இப்ப வயித்தெரிச்சல். பின்னாடி ஒரு சின்ன வெள்ள டியூப் சிங்க்குல வுட்டுட்டு போனாங்க, ஆறு மாசம் நான் அத பாக்கவேயில்ல. ஒரு நாள் ஆயா, "ஏன்டா கண்ணு, மோட்டார் போட்டு தண்ணி ஏத்தறது அந்தாண்ட ஊத்தறதுக்கா?"னு கேட்டுச்சு. டியூப எடுத்து குடத்துல வுட்டு அளந்து பாத்தா, ஒரு குடம் நல்ல தண்ணி வர்றதுக்குள்ள மூணு குடம் கழிவு தண்ணியா வெளிய போவுது. ஒரு நாளைக்கு 60 லிட்டர், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 22,000 லிட்டர்ங்க. சித்திரை, வைகாசில போர் காஞ்சு போயி லோடு 800 ரூபாய்க்கு டிராக்டர் தண்ணி வாங்குற வீட்ல இது.

அன்னிக்கே டியூப நீட்டி வெளிய ஒரு டிரம்முல வுட்டேன். பாத்ரூம்ல ஊத்தறதுக்கு அந்த தண்ணி பிரமாதம், பாதிக்கு மேல அதுக்கே போயிடும். வீடு தொடைக்கலாம், ஆனா கருப்பு டைல்ஸ்னா காஞ்சதும் வெள்ள வெள்ளையா கோடு வுழும். பைக் கழுவுனாலும் அதே கதை, கடைசில ஒரு வாளி நல்ல தண்ணி அடிச்சுடணும். துணிக்கு வேணாம், சோப்புதான் காலியாவும். கருவேப்பில செடிக்கு ஊத்தி நுனியெல்லாம் கருகிப்போச்சு, என் வீட்டுக்காரம்மா இன்னிக்கு வரைக்கும் அத சொல்லிக்காட்டுது. தென்னைக்கு ஊத்தறேன், இது வரைக்கும் ஒண்ணும் ஆவல. மாட்டுக்கு மட்டும் வெச்சிடாதீங்க, மிஷின் பிரிச்சு எடுத்த ஃப்ளோரைடு பூரா அதுலதான் இருக்குது. டிரம்ம மூடி வைங்க, இல்லன்னா கொசு.

செலவு கணக்கு: மொத வருஷம் வாரண்டி, அதுக்கப்புறம் வருஷத்துக்கு 4,200 ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) மூணு வருஷம், மெம்பரேன் (உப்ப வடிகட்டற சவ்வு) அதுல சேராதுன்னு மாத்தற அன்னிக்குதான் சொன்னாங்க, அது 2,800. எல்லாத்தையும் கூட்டி 48 மாசத்துக்கு வகுத்தா மாசம் 600 சொச்சம். கேனுக்கு பாதிக்கு கொஞ்சம் மேல. சர்வீஸ் ஆளு தர்மபுரிலர்ந்து வர்றதுக்கு நாலு நாள் ஆவும், அந்த நாலு நாளும் மறுபடியும் கேன்தான். மிஷினுக்கு 3 ஸ்டார், சர்வீஸுக்கு 1, ஆயா கேட்ட கேள்விக்கு 5.

இப்ப முக்கியமான விஷயம். ரெண்டு வருஷமா எங்க தெருவுக்கு ஒகேனக்கல் காவிரி தண்ணி வருது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து ஃப்ளோரைடுக்காகவே ஜப்பான் கடன்ல போட்ட திட்டம்தான அது, 2008ல அடிக்கல் நாட்டி 2013ல தொறந்தாங்க, எங்க வீட்டு பைப்புக்கு வந்து சேர இவ்ளோ நாளு ஆச்சு. டிடிஎஸ் புடிச்சு பாத்தா 280. லேப்ல குடுத்தேன், ஃப்ளோரைடு 1க்கு கீழதான். சர்வீஸ் பையன்கிட்ட சொன்னா, "அண்ணா அதுக்கும் ஆர்ஓ கம்பல்சரிண்ணா"னு சொல்றான். 500க்கு கீழ டிடிஎஸ் இருக்குற எடத்துல ஆர்ஓவே கூடாதுன்னு பசுமை தீர்ப்பாயம் 2019லயே சொல்லிருக்குது தம்பின்னேன், சிரிச்சுட்டு போயிட்டான்.

ஆனா உஷாரா இருங்க, சில நாளு டேங்க்லயே போர் தண்ணியும் கலந்து வுடறாங்க, அன்னிக்கு மீட்டர் 700 காட்டும். அதனால தண்ணி வந்ததும் மொத வேலையா மீட்டர வுட்டு பாக்கறது, 300க்குள்ள இருந்தா குடிக்கற டிரம்முல புடிச்சு வெச்சு காய்ச்சி குடிக்கறது, கலந்து வந்தா துணிக்கும் பாத்திரத்துக்கும். 150 ரூபா மீட்டருங்க அது. ஏஎம்சி இந்த வருஷம் கட்டல.

ஒகேனக்கல் லைன் வராத ஊருன்னா ஆர்ஓ வாங்குங்க, வேற வழியில்ல, மாட்ட வரும்போதே டியூப பத்தடி நீளமா போடச் சொல்லுங்க, அப்புறம் கேட்டா அதுக்கும் தனியா 200 ரூபா வாங்குவாங்க.