புரோபயாட்டிக் கேப்ஸ்யூல்: ஆகார் தட்டில் வளர்த்துப் பார்த்தேன்

ஆய்வகத்தில் லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவை வளர்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் புரோபயாட்டிக் (உடலுக்கு நல்லது செய்யும் என்று உயிரோடு சாப்பிடும் நுண்ணுயிர்) டப்பா எது கைக்கு வந்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் படிப்பேன். இந்தக் கேப்ஸ்யூல் அங்கேயே நல்ல பெயர் வாங்கிவிட்டது. "ரம்னோசஸ்" என்று லாக்டோபேசிலஸின் இனப்பெயரோடு நிறுத்தாமல் "ஜிஜி" என்று ஸ்ட்ரெய்ன் (இனத்துக்குள் குறிப்பிட்ட வகை) பெயரையும் போட்டிருக்கிறார்கள். கோர்பாக், கோல்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்தது அது. வேறொரு ரம்னோசஸ் அதே பலனைத் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்து, உயிருள்ள பாக்டீரியா ஆயிரம் கோடி என்ற எண்ணிக்கை "காலாவதி நாள் வரை" என்றிருக்கிறது. நாளாக ஆகப் பாக்டீரியா செத்துக்கொண்டே வரும் என்பதால், "தயாரித்தபோது" என்றிருந்தால் வாங்கியே இருக்கமாட்டேன்.

இந்த பாக்டீரியாவை வளர்ப்பது பெரிய வித்தையில்லை. 37 டிகிரி சூடும் சர்க்கரையும் புரதச்சத்தும் கொடுத்து, அது விடுகிற அமிலம் அதையே கொல்லாதபடி காரம் சேர்த்துவந்தால் ஒரே இரவில் பெருகித் தொட்டி கலங்கிவிடும். அதன்பின் உயிரோடு காப்பதுதான் பெரும்பாடு. உறையவைத்து வெற்றிடத்தில் நீரை இழுக்கும்போது செல்சவ்வு சிதையும். அதற்காகவே ட்ரெஹலோஸ் மாதிரி சர்க்கரை சேர்க்கிறோம். நீர் போன இடத்தில் அது நின்று சவ்வைத் தாங்கிப்பிடிக்கும். உலர்த்தி முடித்தபிறகும் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், எண்ணிக்கை மளமளவென்று சரியும். இவர்கள் ஒவ்வொரு கேப்ஸ்யூலையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் அடைத்திருப்பது அதனால்தான். குப்பி என்றால் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகும்.

லேபிளை நம்பி எழுத மனசு வராமல், ஒன்றைப் பிரித்துக் கரைத்து எம்.ஆர்.எஸ். ஆகாரில் (லாக்டோபேசிலஸ் வளர்க்கும் சத்துக்கூழ்), ஆக்ஸிஜன் இல்லாத ஜாடியில் 48 மணி நேரம் வைத்தேன். ஒரே மாதிரியான வெளிறிய காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளிகள்), வேற்றாள் ஒன்றுமில்லை. எண்ணிக்கை லேபிளைவிடக் கூடுதல். காலாவதிக்கு மாதக்கணக்கில் இருப்பதால் கூடுதலாகத்தான் இருக்கவேண்டும். இடையில் சாகப்போவதற்கும் சேர்த்துப் போடுவார்கள்.

எரிச்சலூட்டியது உள்ளே இருந்த தாள். வயிற்றுக் கோளாறு அத்தனைக்கும், எல்லா வயதினருக்கும் என்று அளக்கிறது. இந்த ஸ்ட்ரெய்னுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பது, ஆன்டிபயாட்டிக்கால் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் கொடுப்பதால் ஆபத்தான தொற்று வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023இல் எச்சரித்திருக்கிறது. அதைப்பற்றி தாளில் ஒரு வரிகூட இல்லை. ஒரு நட்சத்திரம் அதற்காகவே குறைக்கிறேன், ஐந்துக்கு நான்கு.

நானும் ஆன்டிபயாட்டிக் எடுத்த சமயத்தில் சாப்பிட்டேன், வயிறு தொந்தரவு செய்யவில்லை. ஒரு ஆளின் வயிற்றை வைத்து இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. வாங்குகிறவர்கள் ஆன்டிபயாட்டிக்குக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிரித்துக் கலக்குவதானால் சூடான எதிலும் வேண்டாம்.