மூங்கில் பிரஷ், பற்பசை மாத்திரை, பட்டு ஃபிளாஸ்: மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிபவை

மூங்கில் பிரஷில் முதலில் கெடுவது அதன் அடிமுனை. டம்ளரில் நிறுத்தி வைத்தால் வடியும் தண்ணீர் அடியில் தேங்கி, வெட்டுமுனை வழியாக உள்ளே ஏறி, சில வாரங்களில் கருப்பாகப் பூசணம் கட்டும். பளபளப்பாக மெழுகு பூசியது என்றாலும் தேங்கிய நீரில் தினமும் நின்றால் தாங்காது. துலக்கியதும் உதறி, துணியால் துடைத்து, அடி எதிலும் படாமல் தொங்கவிட்டால் மூன்று மாதம் ஓடும். எப்படியும் அதற்குள் தூவிகள் விரிந்துவிடும், மாற்ற வேண்டியதுதான்.

அட்டைப்பெட்டியில் 'மக்கும்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். தூவி நைலான். ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த நைலானும் தாவர மூலம் கொண்டதுதான், ஆனால் மக்காது. பன்றிமயிர்த் தூவி மக்கும். மெதுவாகக் காய்வதால் கிருமி தங்கும், பரிந்துரைக்க மாட்டோம். தூக்கிப்போடும்போது குறடால் ஒவ்வொரு குச்சமாகப் பிடுங்கலாம். அடியில் குச்சத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டும் கூடவே வரவேண்டும். பொறுமை இல்லையென்றால் தலைப்பகுதியை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கைப்பிடியை மட்டும் நீளவாக்கில் பிளந்து உரக்குழியில் போடுங்கள். முழுசாகப் போட்டால் வெகுகாலம் அப்படியே கிடக்கும்.

2020-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. மின் பிரஷின் காலநிலைத் தாக்கம் மூங்கில் பிரஷைப்போல 11 மடங்கு என்றது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: தலையை மட்டும் மாற்றும் பிளாஸ்டிக் பிரஷும் மூங்கிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. பூசணத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் கூச்சமில்லாமல் அதை வாங்கலாம்.

பசைக்குப் பதிலாகக் கடித்துத் துலக்கும் பற்பசை மாத்திரையில் எங்களுக்குள்ள பெரிய குறை, பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு பல பிராண்டுகளில் கிடையாது என்பதுதான். லேபிளில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இல்லாவிட்டால், கண்ணாடிக் குப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பல் சொத்தையானால் மிச்சப்படுத்திய ட்யூபுக்கெல்லாம் அர்த்தமே இல்லை. சொத்தைக்குச் சிகிச்சை என்று போனால் அடைப்புப் பொருள், கையுறை, உறிஞ்சுகுழாய் என்று குப்பை ஒரு பக்கம். போய்வரும் பயணம் இன்னொரு பக்கம். இங்கிலாந்தின் பல் சிகிச்சைச் சேவைகளுக்கு 2018-இல் வெளியான கணக்கில், கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளும் ஊழியர்களும் செய்யும் பயணத்தால் வந்தது.

மாத்திரையை முன்பற்களால் கடித்துப் பொடியாக்கி, பிறகு நனைத்த பிரஷால் துலக்க வேண்டும். கடைவாயில் கடித்தால் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், நுரை வராது. ஈரக்கையைக் குப்பிக்குள் விட்டால் மொத்தமும் கட்டிதட்டும். ஒரு வாரத்துக்கானதை மட்டும் சிறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குளியலறைக்கு வெளியே வையுங்கள்.

ட்யூபே போதும் என்பவர்கள் அலுமினியத் தாள் ஒட்டிய பல அடுக்கு ட்யூபைத் தவிர்த்து, மறுசுழற்சி எண் 2 போட்ட ஒற்றை வகைப் பிளாஸ்டிக்கைப் பார்க்கலாம். உங்கள் ஊர்ச் சேகரிப்பு மையம் ட்யூபை எடுக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பலனில்லை. பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு பசை போதும்; விளம்பரத்தில் காட்டும் நீள வரி விற்பனைக்கானது. துலக்கியபின் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்: ஃபுளோரைடு பல்லில் தங்கும். குழாய் நிமிடத்துக்கு 6 லிட்டர் விட்டால், இரண்டு வேளை இரண்டிரண்டு நிமிடம் திறந்து வைத்ததில் 24 லிட்டர் போய்விடும்.

பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான ஃபிளாஸில், பட்டு வகை நெருக்கமான பற்களிடையே பிரிந்து அறுந்து, பல் அடைப்பின் ஓரத்தில் நார் சிக்கும். மெழுகு கூடுதலாக உள்ளதை எடுத்து, கீழே அழுத்தாமல் ரம்பம்போல் முன்பின் அசைத்து இறக்கினால் ஓரளவு தாங்கும். சோளத்திலிருந்து செய்த ஃபிளாஸ் வலுவானது, ஆனால் வீட்டு உரக்குழியின் சூட்டில் மக்காது. குப்பையில்தான் போட வேண்டும். எதையும் கழிப்பறையில் போடாதீர்கள்.

ஏற்கெனவே மின் பிரஷ் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட்டு மூங்கில் வாங்க வேண்டியதில்லை. பேட்டரி ஓயும்வரை ஓட்டிவிட்டு, பிறகு மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.