மாடிக் கூரை: மூன்று கோடையும் இரண்டு புயலும் பார்த்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீட்டு மாடியில் தையல் கூடம் நடத்துகிறேன். ஆறு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரோரமாகத் துணி அடுக்கு. மேலே ஷீட் கூரை. இதைப் போட்டுக் கொடுத்தவரைப் பற்றி வேலை முடிந்த வாரமே எழுதியிருக்கலாம். ஆனால் வேலை முடிந்த அன்று எல்லாக் கூரையும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு கோடையாவது, ஒரு புயலாவது போகட்டும் என்று காத்திருந்தேன். இப்போது மூன்று கோடையும் இரண்டு புயலும் ஆகிவிட்டன. இனி தைரியமாகச் சொல்லலாம்.

முதல் கூரை போன கதையிலிருந்து தொடங்க வேண்டும். அதைப் போட்டது வேறொருவர். பெயர் வேண்டாம். புயல் அடித்த ஓர் இரவில், இரண்டரை மணிக்கு ஒரு மூலையில் மட்டும் ஷீட் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சத்தம் நின்றுவிட்டது. காற்று நிற்கவில்லை, கூரைதான் இல்லை. தைத்து முடித்துக் கொடுக்க வேண்டிய துணி அத்தனையும் நனைந்து, சாயம் ஒன்றோடு ஒன்று ஏறிக் கிடந்தது.

விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தேன். ஸ்க்ரூ கழன்றுதான் ஷீட் பறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுகூடக் கழலவில்லை. குறுக்குக் கம்பியில் எல்லா ஸ்க்ரூவும் வாஷரோடு அப்படியே நின்றன. சிலவற்றின் கழுத்தில் நகக்கண் அளவுக்கு ஷீட்டின் கிழிசல்கூட ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மெல்லிய தகரம்தான் அதன் தலையைத் தாண்டிக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னொரு பக்கம் அதைவிட மோசம். தூணை மாடிக் கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். தூண் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது.

அந்தக் காலையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கூரை என்றால் வெயிலையும் மழையையும் மேலே தாங்குகிற பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புயலில் அதன் வேலை வேறு. மேலே போகாமல் இருக்க வேண்டும். ஷீட்டை ஸ்க்ரூ பிடிக்கிறது, ஸ்க்ரூவைக் குறுக்குக் கம்பி பிடிக்கிறது, அதை டிரஸ் என்கிற முக்கோண இரும்புச் சட்டம், டிரஸ்ஸைத் தூண், தூணைக் காங்கிரீட். இதில் எங்கே பிடி விட்டாலும் கூரை போச்சு.

கணக்கு எளிதுதான். காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வந்துவிடும். மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 40 மீட்டர். விடை 960 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 98 கிலோ. நல்ல ஷீட்டே சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ தேறாது. கூரையின் நடுவில் இழுப்பு இந்தக் கணக்கைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் மூலையிலும் ஓரத்திலும் இரண்டு மடங்குகூட வரும். ஒரு ஜன்னல் திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. எங்கள் கூரை மூலையில் அடிக்கத் தொடங்கியது ஏன் என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது.

புயல் முடிந்த மூன்றாம் நாளே ஆட்கள் கதவைத் தட்டினார்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தால் நாளைக்கே ஷீட் இறக்குகிறோம் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது, தொழில் நின்றுபோயிருந்ததே. ஆனாலும் தார்பாய் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் பொறுத்தேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அவசரத்தில் இருப்பவர்களைத் தேடி வருகிற ஆளிடம் கூரையைக் கொடுக்காதீர்கள்.

நானாக மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் போனிலேயே நீளம் அகலம் கேட்டு, போனிலேயே கொட்டேஷன் சொன்னார். இரண்டாமவர் நேரில் வந்தார், ஆனால் பேச்செல்லாம் கலரைப் பற்றித்தான். அவர் சிமெண்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், போடலாம், சூடு தெரியாது என்றும் சொன்னார். அதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையானாலும் அதன் நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 50க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. துளை போடும்போதும் அறுக்கும்போதும் உடையும்போதும்தான் தூசி அதிகம் கிளம்பும். புயல் அடிக்கிற ஊரில் அது உடையாமல் எத்தனை நாள் இருக்கும்? ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால் சுத்தியலால் தட்டி இறக்க விடாதீர்கள். நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பழக்கமான ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவதாக வந்தவர்தான் இந்த விமர்சனத்துக்கு உரியவர். சிறிய ஃபேப்ரிகேஷன் கடை வைத்திருக்கிறார், கூட நான்கு பேர். வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. மாடியில் நின்று, "அக்கா, பெரிய மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்?" என்று கேட்டார். பிறகு உடைந்த கைப்பிடிச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். கிழிந்த ஷீட்டின் துளையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது 35, அக்கா. அதுவும் பெயிண்டோடு சேர்த்து" என்றார்.

35 என்றால் 0.35 மில்லிமீட்டர் தடிமன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஷீட்டின் தடிமனை இரண்டு விதமாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் இரும்பு மட்டும் ஒரு கணக்கு, மேல் பூச்சும் பெயிண்டும் சேர்த்தது இன்னொரு கணக்கு. பூச்சோடு 0.50 மில்லிமீட்டர் என்றால் உள்ளே இரும்பு 0.45 அளவில்தான் இருக்கும். கொட்டேஷனில் வெறுமனே 0.50 என்று போட்டிருந்தால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள். எடை போட்டும் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்பு ஒரு மில்லிமீட்டர் தடிமனில் 7.85 கிலோ. தடிமன் பாதியானால் எடையும் பாதி. ஷீட் மடிப்பு மடிப்பாக இருப்பதால் மடிப்பதற்கு முன் இருந்த அகலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷீட் வந்து இறங்கிய அன்று நான் சொல்வதற்கு முன்பே அவர் துணி மூட்டை நிறுக்கும் என் தராசைக் கேட்டார். 5.8 மீட்டர் நீள ஷீட் ஒன்றை இரண்டு பேர் பிடித்துத் தராசில் வைத்தார்கள். 26 கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது. செல்லில் கணக்குப் போட்டு என்னிடம் காட்டினார். சரியாக வந்தது. எனக்கு அந்த நிமிடமே இவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. விற்கிறவர் தானாக எடை போட்டுக் காட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூச்சைப் பற்றியும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். வெறும் துத்தநாகப் பூச்சைவிட அலுமினியமும் துத்தநாகமும் கலந்தது நெடுநாள் நிற்கும். எடையில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான். சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்பது நல்ல தரம். அதிலும் ஒரு எச்சரிக்கை சொன்னார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் செப்புக் குழாயைத் தொட்டு வருவது. அது ஷீட்டில் விழக்கூடாது, பூச்சை அரித்துவிடும். ஈர சிமெண்டும் படக்கூடாது. எங்கள் ஏசிக் குழாயை அன்றே திருப்பி விட்டோம்.

வேலை ஐந்து நாள். தூண்களைச் செங்கல்லிலிருந்து எடுத்துத் தளத்தின் காங்கிரீட் பீம் மேல் நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் அடித்தகடு, நான்கு ஆங்கர் போல்ட். குறுக்குக் கம்பிகளை நடுவில் 1.2 மீட்டர் இடைவெளியிலும் இரண்டு ஓரங்களிலும் 90 சென்டிமீட்டரிலும் போட்டார். ஸ்க்ரூவும் அப்படித்தான். நடுவில் ஷீட் மடிப்பின் ஒரு முகடு விட்டு ஒரு முகடு, ஓரத்திலும் மூலையிலும் எல்லா முகட்டிலும். தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் ஒரு துளையும் இல்லை. பெருமழை அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஷீட் விரிக்கத் தொடங்கினார். அப்போதுதான் ஒரு ஷீட் பக்கத்து ஷீட் மேல் ஏறும் ஒட்டின் வாய் காற்றுக்கு முதுகைக் காட்டும். சரிவு மீட்டருக்கு 17 சென்டிமீட்டர், மேலிருந்து கீழ் வரை ஒரே ஷீட், நடுவில் ஒட்டே இல்லை.

ஒரு ஸ்க்ரூவை என் கையில் கொடுத்து வாஷரைப் பார்க்கச் சொன்னார். ஈபிடிஎம் ரப்பர். அழுத்தினால் நகம் பதியும், உடனே மீளும். முறுக்கும்போது ரப்பர் உலோக மூடியின் விளிம்பு வரை வந்து நிற்க வேண்டும். பிதுங்கி வெளியே வந்தால் அதிகமாக முறுக்கிவிட்டார்கள், ஒரு வெயிலிலேயே வெடிக்கும். சுற்றினால் அசைகிறதென்றால் முறுக்கு போதாது. அவரிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் ஏழெட்டு ஸ்க்ரூவைப் பிதுங்க முறுக்கியிருந்தான். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றி, வேறு போட வைத்தார். சாயங்காலம் இறங்கும் முன் நான்கு பேரும் மேலே விளக்குமாறு எடுத்துக் கூட்டினார்கள். டிரில் போட்ட இரும்புத் துகள் ஷீட்டில் கிடந்தால் ஒரு பனிக்கே துருப்பிடித்துப் புள்ளி விழுமாம். ஷீட்டை கிரைண்டரில் அறுக்கவும் விடவில்லை. பொறி பட்டால் பூச்சு கருகும் என்று கத்தரியில்தான் வெட்டினார்கள்.

வெயிலுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வெள்ளை ஷீட். எனக்குச் செங்கல் நிறத்தில் ஆசை இருந்தது, அவர்தான் தடுத்தார். கருத்த ஷீட் உச்சி வெயிலில் 70 டிகிரியை எளிதில் தொடும். வெள்ளை பெரும்பகுதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஷீட்டுக்கு அடியில் பளபளப்பான ஃபாயில், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டால் ஃபாயிலின் பயன் குறைந்துவிடும். பளபளப்பு கீழே பார்க்க வேண்டும், மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். கூரையின் உச்சி முகட்டோரம் சூடான காற்று வெளியேற வழி விட்டார். முன்பெல்லாம் பதினொரு மணிக்கு மிஷின் சக்கரத்தில் கை வைக்க முடியாது. வெள்ளைத் துணியை எடுக்கவே பயம், வியர்வை பட்டுவிடும். இப்போது மத்தியானம் இரண்டு மணி வரை ஃபேனோடு வேலை ஓடுகிறது. அதற்கு மேல் சூடுதான், பொய் சொல்ல மாட்டேன். நுரை வைத்த பேனல் போட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். செலவு கைக்கு எட்டவில்லை.

வெட்டு மேசைக்கு மேலே ஒரு பாலிகார்பனேட் ஷீட், வெளிச்சத்துக்கு. அது சூட்டில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும் என்பதால் துளையைப் பெரிதாகப் போட்டார். வெயில் தாங்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான் இருந்தது. மேல் ஒட்டியிருந்த தாளில் எந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உரித்தார். மூன்று வருடத்தில் மஞ்சளாகவில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வேலையைத் தொடங்கினார். முகட்டு மூடியின் ஒரு முனையில் நுரை அடைப்பு வைக்க மறந்துவிட்டார்கள். முதல் சாரலிலேயே அந்த வழியாகத் தண்ணீர் வந்தது. கூப்பிட்டு ஒன்பதாம் நாள்தான் வந்தார், வந்ததும் அரை மணியில் சரிசெய்து கொடுத்தார், காசு கேட்கவில்லை. மழைநீர்க் கால்வாய்த் தகரம் சிறியது. பெருமழையில் நிரம்பி வழிகிறது, அதை இன்னும் மாற்றவில்லை. உத்தரவாதத்தை வாயால்தான் சொன்னார், நான் கேட்ட பிறகே பில்லில் எழுதினார். பலத்த மழையில் கூடத்துக்குள் பேச முடியாது, அவ்வளவு சத்தம். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது, ஷீட்டின் குணம் அது.

முதல் புயல் பதினான்காம் மாதம் வந்தது. ராத்திரி முழுக்க மூலைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். படபடப்பு வரவே இல்லை. ஒரே சீரான இரைச்சல்தான். காலையில் அவரே போன் செய்தார், "அக்கா, மூலை எப்படி இருக்கு?" என்று. இரண்டாவது புயலில் பக்கத்து மரக்கிளை விழுந்து ஒரு ஷீட் நசுங்கியது. ஒழுகவில்லை, அப்படியே விட்டிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் கூலி கொடுத்து அவரை வரவழைத்து ஸ்க்ரூ அத்தனையும் பார்க்கச் சொல்கிறேன். இந்த வருடம் நான்கு வாஷர் மாற்றினார்.

பத்து நாளில் கூரை வேண்டும் என்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். காத்திருக்க முடியுமானால் கூப்பிடுங்கள். அடுத்த மாதம் என் தங்கை வீட்டுக்கு அளவெடுக்க வருகிறார். அவளிடம் தராசு இல்லை, என்னுடையதை அனுப்பி வைக்கிறேன்.