ஒலியில் ஓடும் குளிரூட்டி வாங்கப் போகிறீர்களா? பதினெட்டாயிரம் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆய்வகக் கருவிகள் விற்கும் ஒரு இணையக் கடையில் தெர்மோஅகௌஸ்டிக் குளிரூட்டி, அதாவது ஒலியலையால் வெப்பத்தை நகர்த்திக் குளிர்விக்கும் கருவி, அதன் மாதிரி ஒன்று வாங்கினேன். பதினெட்டாயிரம். ஸ்பீக்கர், குழாய், உள்ளே ஒரு தகட்டடுக்கு, அவ்வளவுதான். கம்ப்ரஸர் கிடையாது. சின்ன டப்பா தண்ணீரை ஐந்து டிகிரிக்குக் கொண்டுவரும் என்றார்கள்.

நம்ப வைத்தது அவர்கள் அனுப்பிய வீடியோ. ஸ்பீக்கர் ஊளையிட, தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) காட்டும் எண் மளமளவென்று இறங்குகிறது. பேசியவரும் விஷயம் தெரிந்தவர். காற்று குழாயின் மூடிய முனைப் பக்கம் நகர்ந்து அமுங்கிச் சூடாகி, வெப்பத்தை அடுக்கில் விடும்; திரும்பி வந்து விரியும்போது குளிர்ந்து, அங்கே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்; இப்படி அடுக்கின் ஒரு முனை சூடாகும், மறுமுனை குளிரும் என்றார். சரிதான். 1992இல் டிஸ்கவரி விண்கலத்தில் இப்படி ஒன்று பறந்தது என்றார். அதுவும் சரிதான். அறிவியலில் ஒரு பொய்யும் சொல்லாமல் பதினெட்டாயிரத்தைக் கறந்துவிட்டார்கள், அதுதான் வயிறு எரிகிறது.

வந்த கருவியில் முதல் இரண்டு நிமிடம் எண் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் நின்றது. அப்புறம் ஏறி, தொடங்கிய அளவையும் தாண்டிவிட்டது. அவர்கள் வீடியோ முடிவதும் சரியாக இரண்டாவது நிமிடத்தில்தான்! பிரித்துப் பார்த்தால் சூடான முனையில் வெப்பப் பரிமாற்றியே இல்லை. சேர்ந்த வெப்பம் வெளியே போக வழியின்றி அடுக்கு வழியாகவே குளிர்முனைக்குத் திரும்புகிறது. அடுக்கோ அலுமினியம். வெப்பத்தை இவ்வளவு நன்றாகக் கடத்துவதை யாராவது அங்கே வைப்பார்களா? தகடுகளுக்கு நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேறு. 400 ஹெர்ட்ஸ் ஒலியில், சாதாரணக் காற்றில், தகட்டை ஒட்டிய சுமார் 0.13 மி.மீ. காற்றுதான் அதோடு வெப்பம் பரிமாறும். இடைவெளி அதைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு இருந்தால் போதும். மீதிக் காற்று சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது.

கேட்டால், "சவுண்டைக் கூட்டுங்க சார்." கூட்டினால் ஸ்பீக்கர் சுருள் சூடாகிறது, அது இருப்பதே குளிர்முனைப் பக்கம். அடுத்து, "உங்க ரூம் சூடு அதிகம்." பிறகு வேறொருவர் வந்து, "இது படிக்கறதுக்கான மாடல்தானே, ஃப்ரிட்ஜ் இல்லையே" என்கிறார். பதினெட்டாயிரத்தைத் திருப்பிக் கேட்டதும், பிரித்துவிட்டதால் ரீஃபண்ட் கிடையாதாம். இப்போது போனையே எடுப்பதில்லை.

எதையெல்லாம் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. வெட்டாத அரை மணி நேர வீடியோ கேளுங்கள். குளிர்முனையில் தண்ணீரோ குளிர்விக்க வேண்டிய வேறு பொருளோ இருக்க வேண்டும், வெறும் தெர்மோகப்பிள் போதாது. சூடான முனையின் வெப்பநிலையையும் கூடவே காட்டச் சொல்லுங்கள். அடுக்கு என்ன பொருள், இடைவெளி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் முன்பணம்கூட அனுப்பாதீர்கள்.