பழைய போர்ஷன் வீடு: வாடகைக்காக வாங்கி ஓட்டினால் தெரியவருவது

சென்னையில் மேற்கு மாம்பலம், திருவல்லிக்கேணி பக்கம் ஆறு போர்ஷன் வீடு, அதாவது ஒரே கட்டடத்தில் ஆறு குடித்தனம், விலைக்கு வந்தால் புரோக்கர் முதலில் நீட்டுவது வாடகைப் பட்டியலைத்தான். அதைக் கடைசியாகப் பார்ப்பது நல்லது.

ஒரு மாதிரிக் கணக்கு. முக்கால் கிரவுண்டு (1,800 சதுர அடி), விலை 2.6 கோடி. பத்திரச் செலவு 9 சதவீதம் சேர்த்தால் 2.83 கோடி. போர்ஷனுக்கு 12,000 வீதம் வருடத்துக்கு 8.64 லட்சம். வருடத்தில் போர்ஷனுக்கு அரை மாதம் காலியாகக் கிடக்கும்: 36,000. ரிப்பேர் 1.2 லட்சம், சொத்துவரி 30,000, மோட்டார் கரண்ட், தொட்டி கழுவுவது, பெருக்குபவர் சம்பளம் எல்லாம் 60,000. மிஞ்சுவது 6.18 லட்சம், அதாவது 2.2 சதவீதம்கூட இல்லை. பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும். ஆகவே வாங்குவது மனையைத்தான். அந்த மனை கைக்காசைத் தின்னாமல் இருக்குமா என்பதே கேள்வி.

அட்வான்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் மேலே சொன்ன வீட்டில் 7.2 லட்சம். நாளைக்குக் குடியிருப்பவர் காலி செய்யும்போது அதைப் புது உரிமையாளரிடம்தான் கேட்பார். ஏதாவது ஒரு போர்ஷன் ‘லீசுக்கு’, அதாவது வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, விடப்பட்டிருந்தால் வாடகையே வராது, பல லட்சம் திருப்பித் தரவேண்டியும் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் நேரில் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி, மொத்தத்தையும் விலையில் கழிக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகவும் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான்.

கூரைக்கு வருவோம். மெட்ராஸ் டெரஸ் என்றால் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, தட்டை ஓடு பதித்திருப்பார்கள். நன்றாக வைத்திருந்தால் தலைமுறைகள் தாங்கும். மழைநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கட்டை முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் செருகிய முனையில். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உண்மை தெரியும். புது பெயின்ட் அடித்த சீலிங்கை மட்டும் நம்பக் கூடாது. கான்கிரீட் தளமாக இருந்தால் மாடிக் கழிப்பறையின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடையும் சுத்தியலால் தட்ட வேண்டும். காலிப் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தால் உள்ளே கம்பி பெரும்பாலும் துருப்பிடித்து உப்பியிருக்கும். பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பெயர்ந்து விழும்.

தெருவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டு வீடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடி ரோடு மட்டத்துக்குக் கீழே இருந்தால் மழைத்தண்ணீர் குடிநீரில் கலக்கும். 2015, 2023 டிசம்பரில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். சாக்கடைக்கு, எல்லா சேம்பர் மூடிகளையும் திறந்து, கடைசி கழிப்பறையில் இரண்டு பக்கெட் ஊற்றி, தெருப்பக்க சேம்பருக்குத் தண்ணீர் தேங்காமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பீங்கான் குழாயின் இணைப்புகளில் மரவேர் நுழைந்திருந்தால் எவ்வளவு அடைப்பு எடுத்தாலும் திரும்ப அடைக்கும். குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

மின்சாரத்தில் போர்ஷனுக்கு ஒரு சர்வீஸ் (மின் இணைப்பு) தனியாக இருக்கிறதா பாருங்கள். ஒரே சர்வீஸில் சப்மீட்டர் போட்டு ஓட்டினால், இலவச யூனிட் ஆறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே தடவைதான், மீதியெல்லாம் உயர்ந்த ஸ்லாபில் ஏறும். மாதாமாதம் சண்டை அதில்தான். எர்த் இல்லாத பழைய வயரிங் என்றால் முழுதாக மாற்றும் செலவைத் தனியே வையுங்கள்.

பத்திரத்தில் எல்லா வாரிசுகளும், கல்யாணமாகிப் போன பெண்கள் உட்பட, கையெழுத்துப் போடுகிறார்களா என்று வக்கீல் பார்ப்பார். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் இன்னொன்றும் உண்டு: சில வீடுகளில் கட்டடம் மட்டுமே விற்பவருடையது, மனை கோயிலுடையது. மனைக்காக வாங்குகிறவர் வில்லங்கச் சான்றோடு நிற்காமல், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.